மதகடி விராலும் மறியல் சாப்பாடும்

மதிப்புக்குரிய தாய்மாமா வீரமுத்து அவர்களுக்கு, அக்கா மகன் பிரவீன்குமார் பணிவுடன் எழுதுவது. இங்கே அம்மா நலம், எருமை நலம், மோட்டார்கூட நலம். அங்கே நீங்களும் அத்தையும் கள்ளக்குறிச்சி செல்போன் கடையும் நலமாக இருக்க வேண்டும். நான்தான் நலமில்லை. வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரலை மட்டும் அனுப்புவீர்கள் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

"பொங்கலுக்குள்ள இந்த மீன் சேனல் பைத்தியத்துல ஒரு வழி தெரியணும், இல்லன்னா கடைக்கு வந்து ஸ்கிரீன் கார்டு ஒட்டு" என்று சொன்னீர்களே, வந்துவிடுகிறேன் மாமா. ஒட்டுகிறேன்.

தேவிப்ரியா மேடம் என்று ஒரு விஞ்ஞானி. ஏரி, ஆற்று மீன்கள் எப்படி வாழுது, ஒன்றோடொன்று எப்படி நடந்துக்குது என்பதுதான் அவங்க ஆராய்ச்சி. அவங்க வீடியோவை எல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்துத்தான் எனக்கு இவ்வளவும் தெரியும். ஒருமுறை என் கமெண்டுக்கு அவங்க ஹார்ட் போட்டதை அம்மாவிடம் காட்டினேன், அம்மா "எந்த ஊரு பொண்ணுடா" என்று கேட்டது. இந்த வருஷம் கல்வராயன் மலைத் தண்ணீர் இறங்கி நம் ஏரி நிறைந்ததும், மதகடியில் ஒரு விரால் ஜோடி குஞ்சு பொரித்தது. குஞ்செல்லாம் செக்கச்செவேலென்று ஒரே பந்தாகத் திரியும், அடியில் தாயும் தகப்பனும் காவல். ஒன்று மூச்சுக்கு மேலே வந்தால் இன்னொன்று குஞ்சை விட்டு நகராது. இதைப் படம் பிடித்து அனுப்பினேன். "இதத்தான் தேடிட்டு இருக்கேன் தம்பி, நேர்ல வர்றேன். சரியா வந்தா நீங்க என்கூடவே வேலை பாக்கலாம்" என்று மேடம் பதில் போட்டாங்க. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை மாமா.

மேடம் வந்த நாளும் இடஒதுக்கீடு மறியல் நாளும் ஒன்றாகப் போனது என் தலையெழுத்து. ஊரே சங்கராபுரம் ரோட்டில் உட்கார்ந்திருக்க, மேடத்தின் கார் வந்து மாட்டிக்கொண்டது. மறியலில் மாட்டிய வண்டிக்காரர்களுக்கும் சோறு போடுவது நம் ஊர் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். நிறுத்துவதும் நாம்தான், பசியாற்றுவதும் நாம்தான். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் சின்னக்கண்ணு பெரியப்பா மேடத்தைப் புளியமரத்தடியில் இலை போட்டு உட்கார வைத்துவிட்டார். "படிச்சவங்க வந்துகிறாங்க, சாப்புடாம அனுப்புனா ஊருக்கு இன்னாடா மரியாத" என்று என்னையும் அதட்டினார்.

மேடம் ரசித்துச் சாப்பிட்டாங்க. மறுசோறு வாங்கும்போது, "இது என்ன மீனுங்க" என்றாங்க.

"விராலுங்க."

"எங்க பிடிச்சது?"

பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டார். "இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க. நம்ம ஏரிதான். காலைல மதகாண்ட போனேன், செவப்பா குஞ்சு மேஞ்சிக்கினு இருந்துச்சி. தவளைய கோத்து வுட்டேன். ஆத்தாகாரி வந்து கவ்வுனா, பின்னாலயே அப்பங்காரனும் வந்துட்டான்."

மேடத்தின் கை இலையிலேயே நின்றுவிட்டது. பந்தியில் யாரோ, "முள்ளு மாட்டிக்கிச்சா மேடம், வெறுஞ்சோத்த உருட்டி முழுங்குங்க" என்றார்கள்.

கையைக் கழுவிக்கொண்டு மேடமும் நானும் மதகுக்குப் போனோம். மறியல் அண்டாவை அங்கேதான் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் முழுக்கச் சேறு. சிவப்பே கண்ணில் படவில்லை. காவல் போய்விட்டால் குஞ்சைக் கெண்டையும் கொக்கும் தின்று தீர்த்துவிடும் என்று மேடம் மெதுவாகச் சொன்னாங்க. என்னைத் திட்டவில்லை. வழிவிட்டதும் காரில் ஏறும்போது, "குழம்பு ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி, அதான் கஷ்டமா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாங்க.

இதற்கு மேல் எனக்கு மீன் எதற்கு, சேனல் எதற்கு மாமா. அந்தக் குஞ்சுகளைத் தாயும் தகப்பனும் வளர்த்து ஆளாக்கும்வரை படம் பிடிக்க ஆசைப்பட்டேன், அதுகளின் அப்பன் ஆத்தாளை இலை போட்டுப் பரிமாறிய ஊரில் பிறந்திருக்கிறேன். அத்தைக்கு என் வணக்கம். குலசாமி உங்கள் கடையைக் காக்கட்டும், என்னைக் காக்காவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
இனி ஸ்கிரீன் கார்டு ஒட்டப்போகும்
பிரவீன்குமார்

பின்குறிப்பு: நேற்று மறியலால் பஸ் ஓடவில்லை, தபாலில் போடாத கடிதம் என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று இன்று காலையில் ஏரிக்குப் போனேன். அண்டா தேய்த்த சேற்றுக்குத் தப்பி, எதிர்க்கரைக் கோரைக்குள் அதே சிவப்புப் பந்து. ஒரு தலை மேலே வந்து மூச்சு வாங்கியது. அது உள்ளே போனதும் இன்னொரு தலை. பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். "நேத்து கொழம்புல போட்டது மணலூர்பேட்டையாண்ட வாங்கியாந்த வளப்பு மீனுடா. எம்மாம் பெரிய ஏரிய வெச்சிக்கினு, மீன காசு குடுத்து வாங்குனேன்னு வெளியூரு மேடத்தாண்ட எப்டிடா சொல்றது" என்கிறார்.

மேடத்துக்கு வீடியோ போய்விட்டது. வெள்ளிக்கிழமை மறுபடி வர்றாங்க, கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா. அன்றைக்கும் மறியல்தான். சாம்பார் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கத்திரிக்காயையும் மதகடியில்தான் பிடித்தேன் என்று பெரியப்பா சொல்லாமல் இருந்தால் போதும்.