என் தலையில் இறங்கிய பச்சைக் கயிறு

அன்பும் மதிப்பும் மிக்க வீட்டு உரிமையாளர் அப்துல் ஹாதி பாய் அவர்களுக்கு,

திண்டுக்கல்லில் தங்கள் கீழ்வீட்டில் குடியிருக்கும் பொன்னுத்துரை வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் ரஃபியா தங்கச்சியும் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே என் வீட்டுக்காரி ஜக்கம்மாள் நலம். நானும் நலம்தான், தலையைத் தவிர. போனில் சொன்னால் தாங்கள் சிரித்துவிடுவீர்கள் என்பதால் எழுத்தில் தருகிறேன்.

மாடியில் குடியிருக்கும் லிடியா டீச்சர் நல்ல பெண். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை வந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஸ்லைம் என்று ஒரு பிசினைக் கிண்டுகிறது. பாலிமர் பாடமாம். பள்ளிக்கூடத்தில் செய்ததில் பெஞ்செல்லாம் ஒட்டிக்கொண்டு, தலைமை ஆசிரியை தடை போட்டுவிட்டாராம். போன சனிக்கிழமை வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். வழுக்கையில் ஏதோ ஜில்லென்றது. நிமிர்ந்தால், மாடிச் சுவரிலிருந்து பச்சைக் கயிறு ஒன்று எந்த அவசரமும் இல்லாமல் இறங்கிவந்து என் தலையில் உட்கார்ந்திருக்கிறது. மேலே வரிசையாகப் பிள்ளைகள். அதில் பவித்ரா என்கிற குட்டி கையில் அளக்கும் டேப்போடு கத்துகிறாள்:

"தாத்தா, செத்த நேரம் அசையாம இருங்க! அந்துருச்சுன்னா மறுபடி முதல்லருந்து இழுக்கணும்!"

எழுந்தேன் பாய். அது அறாமல் காதுவரை வழிந்தது. அப்படியே மாடிக்குப் போய் நின்றேன். டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மன்னிச்சிருங்கய்யா, கீழ நீங்க இருந்ததப் பாக்கல. பசையில கண்ணுக்குத் தெரியாத அணுவெல்லாம் சங்கிலி சங்கிலியா இருக்குங்கய்யா. வெண்காரத் தண்ணி அதுகள ஒண்ணோட ஒண்ணு கைகோக்க வச்சிருது. மெதுவா இழுத்தா வழியும், வெடுக்குனு இழுத்தா அந்துரும்."

வெடுக்கென்று இழுத்தேன். வந்தது, முடியோடு. எனக்கு இருந்ததே காதோரத்தில் கொஞ்சம்தான். மிச்சத்தைக் கரைக்கிறோம் என்று பிள்ளைகள் அரை பாட்டில் வினிகரைத் தலையில் கவிழ்த்தன. அன்று சாயங்காலமே ஒட்டன்சத்திரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் பக்கத்து இலைக்காரர், "ஏனுங்க, ஊறுகாய் வாசம் மட்டும் வருதுங்க, ஊறுகாயக் காணமுங்களே" என்றார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. வினிகர் ஊறும்வரை அந்தப் பிசினில் ஓர் உருண்டையைப் பவித்ரா என் கையில் வைத்தாள். மூடினால் கெட்டியாக நிற்கிறது, விரித்தால் விரலிடுக்கில் ஒழுகுகிறது. வேடிக்கைதான். நான் வாய்விட்டுச் சிரித்ததாக ஜக்கம்மாள் சொல்கிறாள். அதையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஆகவே டீச்சரை வேறு வீடு பார்க்கச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். நேற்று நானே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். தங்கள் பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, பிசின் கிண்டாத உத்தியோகத்துக்குப் போக வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
பொன்னுத்துரை

பி.கு.: மேலே உள்ளது காலையில் எழுதியது. இப்போது டீச்சர் பெட்டி கட்டுகிறது. வகுப்புக்கு வந்த பிள்ளைகள் படியை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள், நடுவில் ஜக்கம்மாளும். மதியம் எனக்கு வெஞ்சனம் கிடையாது, வெறும் மோர்ச்சோறு. நானே மேலே போய், "ஏதோ கோவத்துல சொல்லிட்டேன், இரும்மா" என்றேன். "உங்களுக்குத் தொந்தரவா இருக்க வேணாம்யா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை அடுக்குகிறது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது பாய். உங்களுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை, தொழுகையில் இருப்பீர்கள். அதனால் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பார்த்ததும் டீச்சரைக் கூப்பிடுங்கள். கீழ்வீட்டுக்காரன் ஒரு சிடுமூஞ்சி, அவன் பேச்சைக் காதில் வாங்காதே, பேசாமல் அங்கேயே இரு என்று கண்டித்துச் சொல்லுங்கள். என்னைப் பற்றி இன்னும் என்ன வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். சீக்கிரம் பாய், ஆட்டோ வந்து நிற்கிறது. பவித்ரா அதன் டயரில் காற்றைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். டிரைவர் இந்தப் பக்கம் வராமல் நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.