லாபத்துக்குப் பிறகு சைபர் இல்லை

பொன்னேரி நெல் மண்டி மைத்துனர் பூபதி அவர்கள் சமூகத்துக்கு, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே குப்பத்தில் மளிகைக் கடை வைத்துப் பிழைக்கும் உங்கள் அக்காள் வீட்டுக்காரன் தருமலிங்கம் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் அக்காள் ரங்கம்மாள், கடையில் குடியிருக்கும் எலிகள் உட்பட அனைவரும் சுகம். அங்கே கல்யாணப் பெண்ணும், கல்யாணச் செலவையும் மீறி நீங்களும் சுகமாயிருக்கப் பெருமாளை வேண்டுகிறேன்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு அக்காள் வந்து அத்தை முறைக்குச் சீர்த்தட்டு ஏந்தாவிட்டால் "எனக்கு அக்கான்னு ஒருத்தி இருந்தான்றதையே மறந்துடுவேன்" என்று நீங்கள் எழுதிய கார்டு கிடைத்தது. அதை அவளுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். இரண்டு தடவையும் அழுதாள். இரண்டாம் தடவை, கார்டு எழுதினவனே நான்தான் என்பது போல என்னைத் திட்டிக்கொண்டே அழுதாள். உங்கள் பெரிய பெண்ணின் கல்யாணத்துக்கும் அவள் வரவில்லை, உங்கள் நைனா காரியத்துக்கும் வரவில்லை. உங்கள் கோபம் நியாயம். ஆனால் மைத்துனரே, உங்கள் அக்காளுக்குத் தண்ணீரைக் கண்டு பயமில்லை, தண்ணீர்மேல் ஆடுகிற பலகையைக் கண்டுதான் பயம். கல்யாணமாகி வந்தபோது ஏரி வற்றிக் கிடந்தது, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தே வந்தாள். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் அப்படிப்பட்ட கோடையில்தான். நைனா போனதோ ஐப்பசி மழையில். இந்த வருஷம் ஆவணி பிறந்தும் தண்ணீர் ஆள் உயரம் நிற்கிறது. தெற்கே மணல் வழியாகச் சுற்றி வரலாமென்றால் மாட்டு வண்டி அச்சு வரைக்கும் புதைகிறது.

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு ஞானதாஸ் வந்து சேர்ந்தான். இவன் ஸ்ரீஹரிகோட்டாவில் கூலிக்கு முள் வெட்டப் போகிறவன். ஆடி மாதம் ராக்கெட் மேலே போனதே, அது இவன் முள் வெட்டிக் கொடுத்ததால்தான் போனது என்று எங்கள் குப்பத்தில் பலர் நம்புகிறார்கள், நம்பச் சொன்னவனும் இவனே. "அண்ணி, அம்மாம் பெரிய ராக்கெட்டே ஒரேடியா போவல, கட்டம் கட்டமாத்தான் போச்சு. நீங்க இந்த ஏரியத் தாண்ட மாட்டீங்களா இன்னா?" என்றான். உங்கள் அக்காளுக்கு இது மனசில் பட்டுவிட்டது. முதல் கட்டமாக, கரையில் இழுத்துப் போட்டிருந்த சகாதேவன் தோணியில் ஏறி உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அசையவில்லை என்று தெரிந்தும் ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டே ஆய்ந்ததால் கீரை மசியலில் பாதி தண்டு. இரண்டாம் கட்டம், முழங்கால் தண்ணீரில் கட்டிப் போட்ட தோணி. அதில் அவள் உட்கார்ந்திருக்க, கடைக்கு வரவேண்டிய ஜனம் எல்லாம் அங்கே போய் வேடிக்கை பார்த்தது, நான் தராசைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாந்தி எடுத்தாள், ஆனால் இறங்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

இன்று காலை மூன்றாம் கட்டம். அக்கரைக்கே போய்ப் பொன்னேரி பஸ் பிடிப்பதென்று ஏற்பாடு. தோணியில் பட்டுப்புடவையோடு அவள், மடியில் சீர்த்தட்டு, பின்னால் கழியோடு சகாதேவன். நான் இடுப்பளவு தண்ணீரில் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கயிற்றை விட்டதும் நானும் தொற்றி ஏறிக்கொள்வதாகப் பேச்சு. "பத்துல இருந்து தலகீழா எண்ணுங்க அண்ணி. சைபர்னு சொன்னதும் அண்ணன் கயித்த வுடுவாரு. எண்ணிட்டா பயம் பூடும்" என்றான் ஞானதாஸ். எண்ணினாள். குப்பமே சேர்ந்து எண்ணியது. மூணு என்றாள், ரெண்டு என்றாள், அடுத்து "லாபம்!" என்றாள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? உங்கள் மண்டியில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்றா சொல்கிறீர்கள், லாபம் என்றுதானே. அந்த வீட்டில் வளர்ந்த வாய். மீன் கூடையை அதே கணக்கில் எண்ணுகிற சகாதேவன், லாபம் வந்துவிட்டது, இதற்குமேல் என்ன இருக்கிறது என்று கழியை ஊன்றி ஓங்கித் தள்ளிவிட்டான். நாலு எழுத்து படித்த பாவத்துக்கு நான் சைபருக்காகக் காத்திருந்தேன். தோணி போனது, கயிறு போனது, கயிற்றோடு நானும் குப்புறப் போனேன். வேட்டி எந்தக் கட்டத்தில் கழன்றது என்று தெரியவில்லை. கரையிலிருந்து எல்லோரும் "சைபர் சொல்லு ரங்கம்மாக்கா, சொல்லு!" என்று கத்துகிறார்கள். உங்கள் அக்காள் விளிம்பைப் பிடித்தபடியே, "இன்னாடா பேசறீங்க? கல்யாண வூட்டுக்குப் போறப்ப, லாபம் சொன்ன வாயால சைபர்னு சொல்வனா? எங்க தம்பி மண்டில எவனாச்சும் சொல்லிட்டு நிக்க முடியுமா?" என்றாள். "சொன்னாத்தான் ராக்கெட் கெளம்பும் அண்ணி" என்றான் அந்த மகானுபாவன். "அப்ப ராக்கெட்டு போவட்டும்!" என்றாள். அதற்குள் என் பாரம் இழுத்து, தோணி ஒரு சுற்றுச் சுற்றிச் சேற்றில் தட்டி நின்றது.

இறங்கி வந்தவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே ஞானதாஸிடம் போனாள். "போன வருசம் ஒண்ணு வுட்டாங்களே, அது இன்னாடா ஆச்சு?"

"கடல்ல விழுந்துட்டுது அண்ணி."

"அதுக்கும் எண்ணுனாங்களா?"

"எண்ணாம வுடுவாங்களா?"

அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவ்வளவுதான், ஆசை விட்டுப்போனது என்று புரிந்துகொண்டேன். ஆகவே மைத்துனரே, அவள் வரமாட்டாள். சீர்த்தட்டை வேறு யாராவது ஏந்தட்டும். கோபத்தை என்மேல் வையுங்கள், நான் தாங்கிக்கொள்வேன், தாங்கித் தாங்கிப் பழகினவன். அவளை மட்டும் அக்காள் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். நைனா முகத்தைப் பார்க்காமல் போனதை நினைத்து இன்னும் சில ராத்திரிகளில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். இன்னொன்றை அவள் தாங்கமாட்டாள்.

மணமக்கள் பதினாறும் பெற்று, இரண்டு பேரும் ஒரே கரையில் குடியிருந்து பெருவாழ்வு வாழ ஆசீர்வதிக்கும்,
தருமலிங்கம்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் ரத்து. கடிதத்தை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சோறு இல்லை, சீர்த்தட்டு இல்லை, அவளும் இல்லை, பின்கதவு திறந்து கிடக்கிறது. தோணி கட்டுகிற ரேவுக்கு ஓடினால் சகாதேவன் தோணி பாதி ஏரியில் போய்க்கொண்டிருக்கிறது, நடுவில் உங்கள் அக்காள். கரையில் ஞானதாஸ் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "எண்ணவே இல்லண்ணா. எண்ணி வுட்டதே விழுந்துதாமே, அப்புறம் எண்றது எதுக்கு, தள்ளுடான்னாங்க" என்றான். இந்தக் கடிதம் அடுத்த தோணியில் வருகிறது, அவள் முந்திக்கொள்வாள். வந்தவுடன் திட்டாதீர்கள், முதலில் ஒரு வாய் காப்பி கொடுங்கள். வந்து சேர்ந்தாள் என்று மட்டும் உடனே ஒரு வரி எழுதிப் போடுங்கள். காற்று வேறு திரும்பியிருக்கிறது, தோணி ஆடுகிறது. இத்தனை வருஷமாக அவள் பட்ட பயம் முழுவதையும் என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாள், நான் ரேவில் நிற்கிறேன்.