பூச்சி புகாத வீடு

"ஏனுங்க, ஜன்னலையெல்லாம் எதுக்குங்க சாத்தறீங்க?"

"பூச்சி வருது."

"பூச்சி வருதுன்னு ஜன்னலைச் சாத்துனா மனுசன் வெந்து போயிருவானுங்க."

மனைவி வசந்தாமணி சொன்னதில் தப்பில்லை. எல் பாசோ, அமெரிக்காவில் ஒரு பாலைவன ஊர். மே மாதமே வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கே பழைய வாடகை வீடுகளில் ஏசி கிடையாது. கூரைமேல் ஒரு தகரப் பெட்டி உட்கார்ந்திருக்கும். ஸ்வாம்ப் கூலர் என்று பெயர். நனைந்த மெத்தை வழியாகக் காற்றை இழுத்து வீட்டுக்குள் தள்ளும். அப்படி வந்த காற்று வெளியே போக, ஜன்னல்களை ஒரு சாணாவது திறந்து வைத்தே ஆகவேண்டும். சாத்தினால் வீடு இட்லிக் குண்டா.

வேலுமணி சாத்தினான். அரை மணி நேரத்தில் சுவர் வியர்த்தது. டப்பாவிலிருந்த அப்பளம் துணி மாதிரி மடங்கியது. சுவரில் மாட்டியிருந்த 1997ஆம் வருஷத்து முருகன் காலண்டர் சுருண்டுகொண்டது.

"முருகனே பொறுக்க மாட்டாம திரும்பிக்கிட்டாருங்க. தொறந்து விடுங்க" என்றாள் வசந்தாமணி.

வேலுமணி கோயமுத்தூரில் மோட்டார் கம்பெனியில் இருந்தவன். எல் பாசோவிலும் மோட்டார் கம்பெனிதான். விசா இந்த வருஷக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் கிரீன் கார்டு பேப்பரில் மேனேஜர் ரிச்சர்ட் கையெழுத்துப் போட்டு அனுப்பாவிட்டால், சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பீளமேட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். ஃபைல் தீபாவளியிலிருந்து நகரவே இல்லை.

ஏன் நகரவில்லை என்று தனக்குத் தெரியும் என வேலுமணி நினைத்தான். எல்லாம் அந்தப் பூச்சியால் வந்த வினை.

தீபாவளி சமயத்தில் ரிச்சர்டையும் அவர் மனைவி லிண்டாவையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி சூப் மாதிரி கொடுத்தாள் வசந்தாமணி. ரிச்சர்ட் ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தபோது, கிழிந்த ஜன்னல் வலை வழியாக எங்கிருந்தோ ஒரு பழுப்பு விட்டில் பூச்சி வந்து, விளக்கை நாலு சுற்றுச் சுற்றி, அவருடைய கிண்ணத்தில் விழுந்தது. அவர் லிண்டாவிடம் பேசிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. வேலுமணி பார்த்துவிட்டான். வேறு கிண்ணம் எடுத்துவர சமையலறைக்கு ஓடித் திரும்புவதற்குள் ரிச்சர்டின் கிண்ணம் காலி. அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விருந்து முடிந்து வேலுமணி குப்பைக் கூடையையே கவிழ்த்துப் பார்த்தான். பூச்சி இல்லை.

"எடுத்துப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் போயிருக்கார் வசந்தா. நம்ம மனசு நோகக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. ஜென்டில்மேன். ஆனா ஃபைலை எடுத்து வெச்சுக்கிட்டார்."

அதே ரிச்சர்ட் இன்று காலை ஆபீசில் தோளைத் தட்டி, "வேலு, உன் வீட்டு சூப்பை என்னால் மறக்கவே முடியவில்லை. சனிக்கிழமை நாங்கள் திரும்ப வரலாமா?" என்று தானாகவே கேட்டிருக்கிறார். கேட்டபோது சிரித்தாராம். வீட்டுக்கு வந்ததும் வேலுமணி முதல் வேலையாக ஜன்னலைச் சாத்தியது அந்தச் சிரிப்பால்தான்.

"செக் பண்ண வர்றார். இந்தத் தடவை ஒரு எறும்பு உள்ள வந்துச்சுன்னாக்கூட நாம ஊருக்குத்தான்."

*

செவ்வாய்க்கிழமை சாமான் கடைக்குப் போனான். ஜன்னல் வலைக்கென்றே ஒரு சுவர் இருந்தது. ஃபைபர் வலை, அலுமினிய வலை, நாய் பிறாண்டினாலும் கிழியாத வலை.

"எதிலிருந்து பாதுகாப்பு வேண்டும்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வேலை போவதிலிருந்து" என்று சொல்ல வாயெடுத்து, "பூச்சியிலிருந்து" என்றான் வேலுமணி.

ஃபைபர் வலைச் சுருள் ஒன்றும், ரப்பர் கயிறும், அந்தக் கயிற்றைச் சட்டத்தின் பள்ளத்தில் அழுத்தி வலையை இறுக்கக் குட்டிச் சக்கரம் ஒன்றும் வாங்கி வந்தான். பாக்கெட்டில், வலையை ரொம்ப இழுக்காதே, சும்மா படிய வை என்று படம் போட்டு எழுதியிருந்தது. வேலுமணி அதைப் படிக்கவில்லை. அவனுக்கு நாடாக் கட்டில் பின்னத் தெரியும். காலை முட்டுக் கொடுத்து, பல்லைக் கடித்து, நாடாவை இழுக்கிற மாதிரியே வலையை இழுத்துக் கட்டினான். தட்டினால் 'டங்'கென்று சத்தம் வந்தது.

"எப்படி?" என்றான் பெருமையாக.

"வலை நல்லாத்தான் இருக்குதுங்க. சட்டந்தான் வில்லாட்ட வளைஞ்சு போச்சு."

அலுமினியச் சட்டம் இரண்டு பக்கமும் உள்வாங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில் வைத்தால் ஓரத்தில் கட்டைவிரல் போகிற இடைவெளி. சாயங்காலம் விளக்குப் போட்டதும், முன்பெல்லாம் ஓட்டையைத் தேடி வந்த பூச்சிகள் இப்போது வாசல் வைத்த மாதிரி சௌகரியமாக உள்ளே வந்தன.

வேலுமணி ராமசுப்ரமணியனுக்கு போன் போட்டான். யுனிவர்சிட்டி புரொஃபசர். ஊரிலிருந்த சொற்பத் தமிழர்களில் மூத்தவர், எதைக் கேட்டாலும் தெரியும் என்பவர்.

"சோலார் ஸ்கிரீன் போடுங்கோ வேலு. நெருக்கமா நெசவு பண்ணியிருப்பான். வெயிலும் வராது, பூச்சியும் வராது. டெசர்ட்டுக்குன்னே பண்ணினது."

"நீங்க அதான் போட்டிருக்கீங்களா சார்?"

"எனக்கெதுக்கு? நான் சென்ட்ரல் ஏசி. ஜன்னலைத் தொறந்து பதினஞ்சு வருஷமாச்சு."

இந்தப் பதிலைக் கேட்ட பிறகாவது வேலுமணி யோசித்திருக்கலாம். யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. வளைந்த சட்டங்களைப் பின்பக்கம் எறிந்துவிட்டு, புதன்கிழமை புதுச் சட்டத்தோடு சோலார் ஸ்கிரீன் மாட்டினான். பூச்சி ஒன்றுகூட வரவில்லை. வெளிச்சமும் வரவில்லை. பட்டப்பகலில் வசந்தாமணி டார்ச் அடித்துக் கடுகு டப்பாவைத் தேடினாள்.

"சினிமாக் கொட்டாயிலயாவது படம் போடுவாங்க" என்றாள்.

வியாழக்கிழமை புழுதிக் காற்று அடித்தது. பாலைவனத்து மண் முழுக்கப் பறந்து வந்து அந்த நெருக்கமான வலையில் அப்பிக்கொண்டது. கூலர் தள்ளுகிற காற்றுக்குப் போக வழியில்லை. வீடு உப்பியது என்றே சொல்ல வேண்டும். திடீரென்று வாசற்கதவு தானாகப் 'படார்' என்று திறந்துகொண்டது. வேலுமணி சாத்தினான். மறுபடி 'படார்'. திறந்த கதவு வழியாக ஒரு வெட்டுக்கிளி நிதானமாக உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தது.

"ஒறம்பரை வந்தாச்சுங்க, காப்பி வெக்கட்டுங்களா?" என்றாள் வசந்தாமணி.

வேலுமணிக்கு அழுகை வந்தது. தோட்டக் குழாயை எடுத்து வெளியிலிருந்து வலைகளின்மேல் முழு வேகத்தில் அடித்தான். மண்ணெல்லாம் போயிற்று. எங்கே போயிற்று என்று உள்ளே வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வெள்ளைக் கார்ப்பெட்டில் நொய்யல் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

*

வெள்ளிக்கிழமை லீவு போட்டான். பழைய ஃபைபர் வலைச் சட்டங்களையே நிமிர்த்திச் சரிபண்ணி மாட்டுவது என்று முடிவு. கடைசியில் பாக்கெட்டில் இருந்த படத்தையும் பார்த்துவிட்டான். ஆனால் எறிந்த இடத்தில் சட்டங்கள் இல்லை.

பின்பக்கம் நல்ல வெயில் விழுகிற இடத்தில், நாற்காலிகளுக்கு மேல் வரிசையாகக் கிடந்தன. அவற்றின்மேல் வெள்ளை வெளேரென்று கூழ் வடகம். வசந்தாமணி முறுக்கு அச்சோடு கடைசி வலையின்மேல் குனிந்திருந்தாள்.

"வசந்தா!"

"கத்தாதீங்க, பிழியறது கோணிக்கும்."

"இது ஜன்னல் வலை!"

"சும்மா தானுங்க கெடந்துச்சு? கழுவிட்டுத்தான் போட்டேன். கீழயும் காத்து மேலயும் காத்து, ஒரே நாள்ல கலகலன்னு காயுது. பாயில போட்டா ஊர்ல மூணு நாள் ஆகும். நீங்க இழுத்துக் கட்டுனதுல வடகம் தொய்யாம நிக்குது பாருங்க. இதுக்குத்தான் உங்க வேலை லாயக்கு."

புகழ்கிறாளா திட்டுகிறாளா என்று வேலுமணிக்குப் புரியவில்லை.

"எனக்கு இது இப்ப வேணும்."

"சாயங்காலம் காஞ்சுரும், எடுத்துக்குங்க. நாளைக்கு ரிச்சர்டுக்குப் பொரிச்சு வெக்கோணுமல்ல?"

இருட்டுவதற்குள் வடகத்தைப் பெயர்த்தெடுத்து, சட்டங்களை நிமிர்த்தி, வலையைப் படிய வைத்து மாட்டினான். இடைவெளி இல்லை, ஓட்டை இல்லை, காற்று ஜிலுஜிலுவென்று போய் வந்தது. இந்த வாரத்தில் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினான்.

சனிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் எல்லா ஜன்னலிலும் எறும்பு. உப்பும் கூழும் ஊறிய வலை அல்லவா? அவசரத்தில் கழுவ மறந்துவிட்டான். எந்த எறும்புக்கு முதலில் மோப்பம் தட்டியதோ, அது ஊரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. வலையில் ஒட்டியிருந்த துணுக்குகளைத் தின்றுவிட்டு, சட்டத்து ஓரமாக இறங்கி, சமையலறை வரைக்கும் வரிசை.

இனி குழாயைத் தொட்டால் கார்ப்பெட் போய்விடும். ஈரத்துணியால் வலையைத் துடைத்தான். எறும்பு மருந்து அடிக்கலாம் என்றால் வீடு நாறும், ரிச்சர்டுக்குத் தெரிந்துவிடும்.

"மஞ்சத்தூளைப் போடுங்க" என்றாள் வசந்தாமணி. "எறும்பு தாண்டாது."

ஜன்னல் விளிம்பிலெல்லாம் மஞ்சள்தூளைக் கோடாக இழுத்தார்கள். வேலுமணி இழுத்த கோடு ரோடு மாதிரி இருந்தது. வசந்தாமணிக்குக் கை சும்மா இருக்கவில்லை, ஓரத்தில் இரண்டு பூவும் போட்டாள். எறும்புகள் கோடு வரைக்கும் வந்து, கூடிப் பேசி, திரும்பிப் போயின.

*

ரிச்சர்டும் லிண்டாவும் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். லிண்டா உள்ளே நுழைந்ததுமே ஜன்னலைப் பார்த்துவிட்டாள்.

"எவ்வளவு அழகு! ஏதாவது இந்தியப் பண்டிகையா?"

வேலுமணி மஞ்சள் படிந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். வசந்தாமணி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "எஸ். விண்டோ ஃபெஸ்டிவல்" என்றாள்.

லிண்டா கைகூப்பி ஜன்னலுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

சாப்பாடு ஆரம்பித்தது. வேலுமணி சாப்பிடவில்லை, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பூச்சி இல்லை. வெளியே வலைமேல் விட்டில்கள் முட்டி முட்டி ஏமாந்து போயின. ஒவ்வொரு முட்டலும் அவன் காதில் தேனாகப் பாய்ந்தது.

ரசம் வந்தது. ரிச்சர்ட் குடிக்கவில்லை. கரண்டியால் அடிவரைக்கும் கிளறினார். கறிவேப்பிலையைத் தூக்கிப் பார்த்து ஒதுக்கினார். கிண்ணத்தை விளக்குப் பக்கம் சாய்த்து உற்றுப் பார்த்தார்.

'தேடு, நல்லாத் தேடு' என்று வேலுமணி மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

குடித்து முடித்து, "இன்னொரு கிண்ணம் கிடைக்குமா?" என்றார். அதையும் கிளறினார். அதிலும் ஒன்றும் இல்லை. அவர் முகம் வாடிவிட்டது. குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லையே என்ற வாட்டம் என்று வேலுமணி எடுத்துக்கொண்டான்.

வசந்தாமணி பொரித்த வடகத்தைத் தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தாள். ரிச்சர்டின் கண் சட்டென்று விரிந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தார். மெதுவாக மென்றார்.

"நன்றாக இருக்கிறது" என்றார். பெருமூச்சு விட்டார். "மிகவும் நன்றாக இருக்கிறது."

கை கழுவிவிட்டு வந்து, தொப்பியை மாட்டிக்கொண்டே, "வேலு, உன் கிரீன் கார்டு ஃபைல் நேற்றுத்தான் லாயரிடமிருந்து திரும்பி வந்தது. அந்த மனுஷர் இத்தனை மாதம் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்" என்றார்.

வேலுமணி ரிச்சர்டின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். வசந்தாமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுருண்டிருந்த முருகனைப் பார்த்தாள். இந்த ஊரிலேயே இருக்கலாம், அடுத்த வெயிலுக்கும் வடகம் போடலாம்.

"எல்லாம் அந்த வலையாலதான், மாமா" என்றாள் மெல்ல. சந்தோஷம் பொங்கும்போது மட்டும் அவள் அவனை மாமா என்பாள்.

ரிச்சர்ட் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு காரை எடுக்கப் போனார். லிண்டா மட்டும் வாசலில் நின்றாள். கணவர் தள்ளிப் போய்விட்டாரா என்று பார்த்துக்கொண்டு வசந்தாமணியின் கையைப் பிடித்தாள்.

"தப்பாக நினைக்காதே. போன தடவை அவர் கிண்ணத்தில் மட்டும் ஒன்றே ஒன்று போட்டிருந்தாயாமே, பழுப்பாக, இலை மாதிரி, வாயில் போட்டதும் மொறுமொறுவென்று? அதற்காகத்தான் இன்றைக்கு வந்ததே, அடுத்த தடவையாவது எனக்கும் சேர்த்து இரண்டு போடேன்!"