ரொட்டியும் கோப்பியும் பிரியக்கூடாது

இனிமேல் நேரம் பார்த்து எங்கும் போவதில்லை என்று அண்ணாதுரை முடிவெடுத்து நாலு மாதமாகிறது. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். இரண்டு நிமிடம் முந்தினாலும் குற்றம், பிந்தினாலும் குற்றம் என்று வாழ்ந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் தோ பாயோ வீட்டுக் கூடத்தில், சமையலறை நன்றாகத் தெரியும்படி ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அதன்பிறகு அவர் எழுந்ததெல்லாம் சாப்பிடவும், அடுப்பில் என்ன என்று எட்டிப் பார்க்கவும்தான்.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது. இரண்டு நாய் வடிவில்.

மனைவி லீலாவின் அண்ணன் மகன் ஆதவன் பெர்த்துக்குக் குடிபெயர்கிறான். செங்காங்கில் ஒரு தனியார் காண்டோவில் அவன் வளர்த்த கோப்பியும் ரொட்டியும் ஒரே கட்டுமானத் தளத்திலிருந்து குட்டிகளாக மீட்கப்பட்டவை. கோப்பி கறுப்பு, ரொட்டி பழுப்பு. இரண்டுக்கும் வயதாகிவிட்டது, விமானப் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

“நாம எடுத்துக்கலாமாங்க?” என்று லீலா கேட்டாள்.

அண்ணாதுரைக்குப் புதிராக இருந்தது. லிஃப்டில் யாராவது நாயோடு ஏறினால் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிறவள். இவளுக்கு எதற்கு நாய்?

கேட்கவில்லை. மறுக்கவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாய்விட்டு மறுத்த எந்தப் பொருளும் வீட்டுக்குள் வராமல் இருந்ததில்லை. பேசாமல் போனை எடுத்து விதிகளைப் படித்தார். அவர்களுடையதைப் போன்ற வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டில், ஒரு நாய்தான் வைக்கலாம். ஆதவனுக்கு நாய்களைக் கொடுத்த மீட்புக் குழுவின் அறிவிப்பிலோ, இந்த ஜோடியைப் பிரிக்காத இடமாக வேண்டும் என்று இருந்தது. இரண்டு வரிகளையும் மாறி மாறிப் படித்தார். நடுவில் தன் நாற்காலி பத்திரமாக இருப்பது தெரிந்தது.

அன்று மாலையே ஆரம்பித்தார்.

“ரெண்டையும் பிரிக்கக்கூடாது லீலா. கூடப்பிறந்ததுங்க. ஒண்ணை மட்டும் எடுத்தா சாப்பிடாது, ஏங்கிப் போயிடும்.”

“அப்படியாங்க?”

“எடுத்தா ரெண்டு, அதுவும் ஒரே ஆள்தான் நடக்கக் கூட்டிட்டுப் போகணும். இல்லன்னா வேணாம்.”

“சட்டம் ஒண்ணுதானே சொல்லுது?”

“அதான் எனக்கும் வேதனையா இருக்கு.”

லீலா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். “மீட்புக் குழுவிலேர்ந்து வீடு பாக்க வர்ற பொண்ணுகிட்டயும் இதையே சொல்வீங்களா?”

“யார்கிட்ட வேணும்னாலும் சொல்வேன்லா!”

“சரி” என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதாக அவருக்கு நினைவில்லை.

சனிக்கிழமை குழுவிலிருந்து நிரஞ்சனா வந்தாள். கையில் ஒரு படிவம். லீலா உருளைக்கிழங்கு வைத்துக் கறிபாப் பொரித்திருந்தாள். மேசையில் நாலு தட்டு இருந்தது. மூன்று பேருக்கு எதற்கு நாலு தட்டு என்று அண்ணாதுரை யோசிக்கத் தொடங்கினார். அதற்குள் கேள்விகள் வந்துவிட்டன.

“அங்கிள், ஒரு நாயை மட்டும் கொடுத்தா எடுத்துப்பீங்களா?”

“மாட்டேம்மா.” நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “அது பெரிய கொடுமை. தினமும் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாக்கணும். சேர்ந்து விளையாடணும்.”

நிரஞ்சனா எழுதிக்கொண்டாள். “வாக்கிங்?”

தூக்கலாகவே போடுவோம் என்று நினைத்தார். எப்படியும் நடக்கப்போவதில்லை. “காலையில ஆறு மணி. சாயந்திரம் ஆறு மணி. ரெண்டும் ஒண்ணா நடக்கணும், அதுவும் ஒரே ஆள் கையில. ஆள் மாறினா அதுங்க மனசு கலங்கிடும். ஒரு நிமிஷம் பிந்தக்கூடாது.”

“இவ்ளோ யோசிச்சு வெச்சிருக்கீங்களே அங்கிள்! நிறைய பேர் இதெல்லாம் கேர் பண்றதே இல்ல.”

“என்ன செய்யறது? வீவக வீடு. ஒண்ணுதான் அனுமதி. எங்களுக்குக் கொடுத்து வைக்கல” என்று பெருமூச்சு விட்டார். நல்ல பெருமூச்சு. அவருக்கே திருப்தியாக இருந்தது.

லீலா எழுந்து வாசல் கதவைத் திறந்தாள். “அக்கா, வாங்க!”

நாலு எட்டு வைத்தால் எதிர்வீடு. அங்கிருந்து பஞ்சவர்ணம் வந்தார். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோல். கையில் அதே படிவம், ஏற்கெனவே நிரப்பியது.

“ரொட்டி எனக்கு, கோப்பி உங்களுக்குண்ணே” என்றார் பஞ்சவர்ணம். “வீட்டுக்கு ஒண்ணு. சட்டமும் சரியாப் போச்சு. பகலெல்லாம் ரெண்டு வீட்டுக் கதவும் திறந்துதான் இருக்கும். என்னால நடக்க முடியாதேன்னுதான் தயங்கினேன். ஒரே ஆள்தான் கூட்டிட்டுப் போகணும்னு நீங்க பிடிவாதமா இருக்கீங்கன்னு லீலா சொன்னா. அப்புறம்தான் தைரியம் வந்துச்சு.”

அண்ணாதுரை வாயைத் திறந்தார். எல்லாவற்றையும் அவரே சொல்லி முடித்திருந்தார்.

நிரஞ்சனா கண்கலங்கி இருந்தாள். தான் எழுதியதை அவர் பக்கம் திருப்பினாள். “காலையில ஆறு, சாயந்திரம் ஆறு. இதுக்குக் கீழ ஒரு கையெழுத்து அங்கிள்.”

நாலாவது தட்டில் லீலா ஒரு கறிபாப்பை எடுத்து வைத்துப் பஞ்சவர்ணத்திடம் கொடுத்தாள்.

ஆதவன் விமானம் ஏறிய மறுநாள். காலை ஆறு மணிக்கு அண்ணாதுரை கையில் இரண்டு வார் இருந்தது. கோப்பி லிஃப்ட் பக்கம் இழுத்தது, ரொட்டி படிக்கட்டுப் பக்கம் இழுத்தது. லீலா கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள்.

“உனக்குத்தான் நாய்னா பயமாச்சே. அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடு?” என்று அவர் கேட்டார். இரண்டு வாரமாகக் குடைந்துகொண்டிருந்த கேள்வி.

“நாலு மாசமா அந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு, ரசத்துக்குப் புளி கரைச்சா ஏன்னு கேக்கறீங்க, கரைக்கலைன்னா ஏன்னு கேக்கறீங்க” என்றாள் லீலா. “அவசரமில்ல, மெதுவா வாங்க.”