புள்ளி வைத்த பெண்புலி

“யாரைக் கேட்டு இவளுக்குப் புள்ளி வெச்சீர்?”

ஒசாகாவின் பெரிய சோயா வியாபாரி ஹன்பேயின் மனைவி ஒதகே, வரவேற்பறையின் இழுப்புக் கதவை விசிறியால் அடித்து அடித்துக் கேட்டாள். கதவில், தங்கத்தாளின் மேல், மூங்கில் புதருக்கு நடுவே கோடு போட்ட ஆண்புலி படுத்திருந்தது. அதன் தோளில் புள்ளி போட்ட பெண்புலி சாய்ந்திருந்தது.

ஓவியர் ரான்சேய்க்குக் கோபம் சுருக்கென்று ஏறியது.

“ஆண்புலிக்குக் கோடு, பெண்புலிக்குப் புள்ளி. சின்னக் குழந்தைக்கும் தெரியுமேம்மா!”

“நீர் பாத்தீரா?”

“எங்க குருவே பாத்ததில்ல! இந்த நாட்டுல எவன் புலியப் பாத்தான்? கப்பல்ல தோல் வருது. ஒண்ணுல கோடு, இன்னொண்ணுல புள்ளி. அப்புறம் என்ன, புருஷன் பொண்டாட்டிதானே?”

“பொண்டாட்டியாமே, பொண்டாட்டி!” என்று பல்லைக் கடித்தாள் ஒதகே. “நாளைக்குள்ள மாத்தும். இல்லேன்னா கதவைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பும்.”

கிளம்பினால் ரான்சேய்க்குப் போக்கிடம் ஒன்றுதான். “உம்ம பட்டறையே வேண்டாம்” என்று கத்திவிட்டு வந்தாரே, அந்த குருவின் காலில் போய் விழவேண்டும். அதற்குத் தூக்கில் தொங்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த அம்மாளுக்கு அப்படி என்ன வந்தது? யோசித்தார். முகத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல் மாவு பூசியிருந்தாளே! சரிதான், உள்ளே அம்மைத் தழும்பு. தன்னைக் கேலி செய்வதாக நினைத்துவிட்டாள்.

‘ஆணவம் பிடிச்சவ. கொஞ்சம் குளிர வெச்சாச் சரியாயிடும்’ என்று முணுமுணுத்தபடி, பழைய புலியின் மேல் புதுத் தங்கத்தாள் ஒட்டினார். அதில் பெண்புலியை மறுபடி வரைந்து, புள்ளிகளைச் சின்னதாக்கினார். இடுப்பை ஒடுக்கினார். கண்ணுக்கு மை தீட்டினார்.

காலையில் ஒதகே வந்து பார்த்தாள்.

“ஓஹோ! இடுப்பு வேற சிறுத்துப்போச்சா? வயசு வேற குறைஞ்சுபோச்சா?”

“அழகாத்தானேம்மா இருக்கு!”

“அதைத்தான்யா நானும் கேக்கறேன்!”

அவள் போனதும் ஹன்பேய் உள்ளே வந்தார். குளிர்காலத்திலும் வியர்த்துக் கொட்டியது அவருக்கு.

“யோவ், நீர் என் குடியக் கெடுக்கவா வந்தீர்? மதியம் விருந்தாளிங்க வராங்க. பாத்ததும் மனசு இளகற மாதிரி ஏதாவது வரைஞ்சு தொலையும்!”

மனசு இளக வேண்டுமாம்! ரான்சேய் தூரிகையைத் தரையில் அடித்தார். மை முகத்தில் தெறித்தது. அந்த எரிச்சலிலேயே ஒரு யோசனையும் வந்தது. தாயைப் பார்த்துக் கோபப்படும் பெண் உலகத்தில் உண்டா? பெண்புலியின் மடியில் குட்டி ஒன்று வரைந்தார். ஒன்று போதாதென்று பக்கத்தில் இன்னொன்றும் வரைந்தார்.

ஒதகே வந்தாள். குட்டிகளைப் பார்த்தாள். கணப்புச் சட்டியிலிருந்து இரும்பு இடுக்கியை எடுத்தாள். ஆண்புலியின் இரண்டு கண்ணிலும் குத்தினாள். பிறகு மூக்கில் குத்தினாள். அதற்குள் ஹன்பேய் செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

ரான்சேய் கிழிந்த கதவைக் கொல்லைப்புறம் வரை தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். சமையற்காரி நோபு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பாத்தியாம்மா அநியாயத்த!” என்று வெடித்தார் ரான்சேய். “உங்கம்மா மூஞ்சியில அம்மைத் தழும்பு இருந்தா அதுக்கு என் புலி என்ன பண்ணும்? இனி நான் அந்தக் கிழவன் கால்ல விழணுமா?”

நோபு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“எங்கம்மாவுக்கு ஏதுங்க தழும்பு, மூஞ்சியெல்லாம் மச்சம் இருக்கிறது ஆத்தங்கரை வீட்ல முதலாளி வெச்சிருக்கிற பொண்ணுக்கு, அது கெடக்கட்டும், அவளுக்கு ரெட்டைப் புள்ள பொறந்தது முதலாளிக்கும் எனக்கும் மட்டுந்தானே தெரியும், உங்களுக்கு யாரு சொன்னா?”