சுத்தறதுக்கு மட்டும் ஜப்பான் பாஷை

உத்திரமேரூர் பஜாரிலேயே ஜப்பான் பாஷை பேசிய ஒரே மகான் எங்கள் 'ஜப்பான்'தான். தப்பாகப் பேசுகிறார் என்று சொல்ல இன்னொருத்தர் வேண்டுமே!

கத்தி சுற்றி வயலைக் கிளறி உழுகிற பவர் டில்லர் ஓட்டுகிறவர். அந்த மிஷினை ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்த ஜப்பான்காரரோடு ஒரு போகம் முழுக்க இருந்தாராம். கத்தி சுற்றிக்கொண்டே இருந்தால் 'குருகுரு'. ஒரு சுற்றோடு நின்றால் 'குருரி'. தண்ணீர் சுழித்து உள்ளே இழுத்தால் 'உஸுமாக்கி'. டீக்கடையில்கூட, "நைனா, குருகுருன்னு கலக்கு" என்பார். பேஜார் பிடித்த மனுஷன்!

எண்பதுகளின் தொடக்கம், சித்திரை வெயில். கோயில் பார்க்க வந்த ஜப்பான்காரம்மா ஒருத்தர் பஜாரில் வாந்தியெடுத்துச் சாய்ந்துவிட்டார். தூக்கிப்போய் ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடத்தினோம். டாக்டர் ஊரில் இல்லை. கார் டிரைவர், "வழில ஏதோ காய் பறிச்சித் துன்னாங்க" என்றான்.

"அப்போ வெசந்தான். வயித்தக் கயுவணும்" என்று கம்பவுண்டர் ரப்பர் குழாயை எடுத்துவிட்டார். அந்தம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டார். ஓடிப்போய் ஜப்பானை இழுத்து வந்தேன்.

வாசலில் ஊரே கூடிவிட்டது. "இன்னா துன்னாங்கன்னு கேளுய்யா!"

ஜப்பான் என் காதைக் கடித்தார். "நைனா, எனக்கு சுத்தறதுக்கு மட்டுந்தான் வார்த்த தெரியும். துன்றதுக்குத் தெரியாது!" சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

கம்பவுண்டர் குழாயோடு குனிந்தார். அந்தம்மா வயிற்றுக்கு மேலே கையை வட்டமாகச் சுற்றி முனகினார், "குருகுரு..."

"பாத்தியா, வயிறு கலக்குது!" என்றார் கம்பவுண்டர்.

"யோவ், நில்லு!" ஜப்பான் குழாயைப் பிடுங்கிக்கொண்டார். அந்தம்மா அரைக்கண் திறந்தார். "குருரி?" என்று கேட்டு ஜப்பான் காற்றில் ஒரே ஒரு வட்டம் போட்டார். இல்லையென்று தலை அசைந்தது. "உஸுமாக்கி?" பெரிய வட்டத்தில் ஆரம்பித்து, சுருக்கிச் சுருக்கிக் கொண்டுபோய், தன் நெற்றியில் விரலை வைத்தார். அந்தம்மா அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"தல சுத்துதுய்யா! ஆளயே உள்ள இஸ்துக்கினு போற சுத்து!"

கம்பவுண்டர் அப்போதுதான் டிரைவர் பக்கம் திரும்பினார். "இன்னா நாஷ்டா துன்னாங்க?"

"ஒண்ணுமில்ல சார். காத்தாலேர்ந்து வெயில்ல கோயிலச் சுத்திக்கினு இருந்தாங்க."

"அந்தக் காயி?"

"கொய்யாக்கா சார்."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா?"

"யாரும் கேக்கலியே!"

எலுமிச்சை பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொடுத்தோம். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

காரில் ஏறும்முன் ஜப்பானைப் பார்த்துக் குனிந்து என்னென்னவோ சொன்னார். இவர் என் பக்கம் திரும்பினார். "போய்ட்டு வாங்கன்னு சொல்ல ஒரு வார்த்த கத்துக்காம போய்ட்டனே, நைனா!" கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"தமிழ்லயே சொல்லுய்யா, புரியும்" என்றேன்.

சொன்னார். கார் கண்ணுக்கு மறைந்த பிறகும் சொல்லிக்கொண்டே நின்றார். தங்கமான மனுஷன்.