சாமி லைட்டைக் கெடுத்த சம்பந்தி

பொல்பிட்டிய,
வெள்ளிக்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி செல்லசாமி அவர்களுக்கு,

உங்கள் மருமகள் கிருஷாந்தியைப் பெற்ற சன்னாசி கைகூப்பி எழுதிக்கொள்வது. நீங்களும் தங்கச்சி பேச்சியம்மாவும் மாப்பிள்ளை லோஜனும் என் மகளும் அவள் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். அவர் இப்போது என் பேச்சைக் கேட்பாரா என்பது சந்தேகம்தான். உங்களுக்குப் போன் பண்ணலாம் என்று நான்கு தடவை நம்பரை அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன்னமே கட் பண்ணினேன். அதில் ஒன்று உங்கள் போனில் விழுந்திருந்தால் மன்னிக்கவும். வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால் கடுதாசி எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரி நாகலெட்சுமியும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துப் போகத்தான் கொட்டகலைக்கு வந்தோம். நீங்களும் எங்களை வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனீர்கள். இலையில் உட்காரும் வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. அப்போது நீங்கள், "சாமி ரூம் சுவிட்ச் ஒன்னு ஆடுதுங்க சம்பந்தி, கரண்டு வேலை பாக்குற நஸார் பாய் நாளைக்கு வந்து பாக்குறேன்னாரு" என்றீர்கள். நான் பாயாசத்தைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். "என்னாங்க சம்பந்தி, நான் ஒருத்தன் இருக்கையில வெளியாள் எதுக்குங்க? பவர் ஸ்டேசன் இருக்குற, கரண்டு பொறக்குற ஊர்க்காரங்க நாங்க! எங்க வீட்டு வயரிங்கு பூராவும் நம்ம கைதான்" என்றேன். பரிமாறிக்கொண்டிருந்த நாகலெட்சுமி கரண்டியோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

சுவிட்ச் பலகையைக் கழற்றினால் உள்ளே எல்லா வயரும் சிவப்பு. ஆளுக்கொரு நிறத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஹோல் லைட், சாமி ரூம் லைட், கக்கூஸ் லைட், மூன்றுக்கும் ஒரே பலகை. நானோ எல்லா வயரையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டேன். எது எதிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் டார்ச் பிடித்துக்கொண்டு, "சம்பந்திக்கு எம்புட்டு வெவரம் பாரு" என்று தங்கச்சியிடம் சொன்னீர்கள். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தெரியாது என்று எப்படிங்க சொல்றது? முருகா என்று கைக்கு வந்ததைச் சொருகி, மூன்று சுவிட்சையும் சேர்த்துப் போட்டேன். மூன்றும் எரிந்தன. நானும் வெட்கமில்லாமல் ஒரு பிளேன்டீ வாங்கிக் குடித்தேன்.

ஆறு மணிக்குத் தங்கச்சி சூடம் கொளுத்தும்போது, மாப்பிள்ளை கக்கூஸிலிருந்து வெளியே வந்து லைட்டை அணைத்தார். சாமி ரூம் இருட்டாகிவிட்டது. சாமி சுவிட்சை எத்தனை தடவை தட்டியும் பலனில்லை. விருந்துக்கு வந்திருந்த உங்கள் அண்ணன் லைட்டைப் போட்டுக்கொண்டு கக்கூஸுக்குள்ளே போனார், முருகன் பளிச்சென்று தெரிந்தார். அண்ணன் வெளியே வந்தார், முருகனைக் காணோம். "ஏங்க, இவுரு உள்ள போனாத்தான் சாமிக்கு வெளிச்சம் வருது!" என்று தங்கச்சி கண்டுபிடித்தது. சாமி சுவிட்சுக்குப் போகவேண்டிய கரண்டை நான் கக்கூஸ் சுவிட்சிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! அப்போதும் நீங்கள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பரவால்ல, பூசை முடியிற வரைக்கும் அண்ணன் உள்ளயே இருக்கட்டும்" என்றீர்கள். அவரும் மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "முடிஞ்சிருச்சாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதோடு நான் விட்டிருக்கலாம். "ஒரு நிமிசம், இப்ப சரி பண்ணிடுறேன்" என்று மெயின் சுவிட்சை அணைக்காமலே ஸ்குரூ டிரைவரை விட்டேன். பட்டென்று ஒரு சத்தம். வீடு முழுக்க இருட்டு, கருகின வாசம். ட்ரிப் சுவிட்சைத் தூக்கத் தூக்க அது விழுந்துகொண்டே இருந்தது. அந்த இருட்டில்தான் தங்கச்சி மெதுவாகக் கேட்டது, "அண்ணே, உங்க வீட்டு வயரிங்கும் நீங்கதானே செஞ்சது?" நான் ட்ரிப் சுவிட்சை மறுபடி தூக்கிப் பார்த்தேன். "புள்ளத்தாச்சிய அந்த வீட்டுக்கு எப்புடிண்ணே அனுப்புறது? இங்கயே இருக்கட்டும்."

கிருஷாந்தி கட்டி வைத்த பையைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போனாள், சம்பந்தி. அதை என்னால் பார்க்க முடியவில்லை. காலிச் சட்டிகளோடு நாங்கள் பஸ் ஏறினோம். கினிகத்தேனையில் இறங்கும்போதுதான் நாகலெட்சுமி, "உண்மையச் சொல்லியிருந்தீங்கன்னா புள்ள நம்மகூட வந்திருக்கும்" என்றாள்.

அந்த உண்மையை இப்போது சொல்கிறேன். எங்கள் வீட்டு வயரிங் நான் செய்ததல்ல. லைசன்ஸ் வைத்திருக்கும் முஹ்ஸின் பாய் செய்தது. முப்பத்தொரு வருஷம் தேயிலை பெக்டரியில் நான் பார்த்த கரண்டு வேலை, கொழுந்து வாட்டும் காற்றாடிக்குப் பச்சைப் பட்டனை அழுத்துவதும் சிவப்புப் பட்டனை அழுத்துவதும்தான். பட்டனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்தவனில்லை. எங்கள் வீட்டில் ஒரு ஸ்குரூவைக்கூட நான் தொட்டதில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்று இப்படிச் சத்தியம் பண்ண வேண்டிய நாள் வருமென்று நினைக்கவே இல்லை. நேற்று முஹ்ஸின் பாய் மறுபடி வந்து எல்லாவற்றையும் சோதித்து, குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். என் வாய்க்கொழுப்புக்காக மகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். நாகலெட்சுமி பழைய சேலைகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள்.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். தங்கச்சிக்கு என் மன்னிப்பு. அன்று பூசை முடியும் வரை உள்ளேயே இருந்த உங்கள் அண்ணனுக்கு விசேஷ வணக்கம்.

இப்படிக்கு,
தலைநிமிர முடியாத சம்பந்தி,
க. சன்னாசி

பி.கு.: இப்போது மாலை நாலு மணி. கடுதாசி இன்னும் தபாலில் சேரவில்லை. மத்தியானம் மகளுக்குப் போட்டு வைத்த கட்டிலில் சும்மா படுத்துப் பார்த்தேன். லைட் சுவிட்ச் கதவுப் பக்கம் இருக்கிறது. நிறைமாசக்காரி இருட்டில் எழுந்து தடவிக்கொண்டு போய்த் தடுக்கி விழுந்தால் என்னாகிறது? மனசு கேட்கவில்லை. கட்டில் தலைமாட்டுக்கு ஒரே ஒரு வயரைத்தான் இழுத்தேன். எங்கள் லயத்து வரிசையில் ஆறு வீட்டுக் காம்பிராவுக்கும் மூன்று மணியிலிருந்து கரண்டு இல்லை. "இதையெல்லாம் எழுதித் தொலைக்காதீங்க" என்கிறாள் நாகலெட்சுமி. ஒரு தடவை பொய் சொல்லி மகளை விட்டுவிட்டு வந்தது போதும். நாளைக்கு முஹ்ஸின் பாய் வருவார். அவர் சரி என்று சொன்ன பிறகு அனுப்புங்கள். அவள் இங்கே இருக்கும் வரைக்கும் நான் நானுஓயாவில் அக்கா வீட்டில் இருந்துகொள்கிறேன். பிள்ளை பிறந்ததும் வரலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுங்க சம்பந்தி, வந்து எங்க வீட்டு வாசல்லயே நின்னு பாத்துட்டுப் போயிடுறேன்.